தூரமும் பறக்கும் நேரமும்: டிக்கெட் போடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெயரில் எழுத்துப்பிழை, பாஸ்போர்ட் காலாவதி போன்றவற்றை எச்சரிக்கப் பலர் இருக்கிறார்கள். பயண முகவர் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், நாங்கள் ஆரம்பத்தில் சறுக்கிய அதே இடத்தில்தான் இன்றும் சறுக்குகிறார்கள்: தூரக் கணக்கிலும் நேரக் கணக்கிலும்.

தூரத்தை வேகத்தால் வகுப்பது

சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்தால் மூன்றேகால் மணி நேரம் வரும். அட்டவணையிலோ நான்கு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்கக் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். அட்டவணையை நம்புங்கள்.

பறக்கும் நேரத்தைப் புறப்படும் நேரத்தோடு கூட்டுவது

இந்தத் தவறைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது, ஏனென்றால் பணத்தை இழப்பவர் பயணி.

மகளின் பேறுகாலத்துக்காகக் கும்பகோணத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய பெற்றோர். டிக்கெட் போட்ட இளைஞர், சென்னையில் இரவு 11.15க்குப் புறப்பாடு, பறக்கும் நேரம் 4 மணி 20 நிமிடம், ஆகவே சிங்கப்பூரில் அதிகாலை 3.35 என்று கூட்டினார். காலை 7 மணி விமானத்தில் தனி டிக்கெட் வாங்கினார். சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. அவர்கள் இறங்கியபோது அங்கே 6.05. அடுத்த விமானத்தின் கவுன்ட்டர் ஆறு மணிக்கே மூடிவிட்டது. முதல் டிக்கெட்டில் 06.05 என்று உள்ளூர் நேரம் தெளிவாக அச்சாகியிருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

தனித்தனி டிக்கெட் என்பதால் இழப்பு பெருகியது. பெட்டிகளை எடுக்க இமிகிரேஷனைத் தாண்ட வேண்டும்; அதற்கு சிங்கப்பூருக்குள் நுழைய அனுமதி வேண்டும்; அவர்களிடம் இல்லை. இரண்டாவது நிறுவனம் 'வரவில்லை' என்று குறித்ததும் அதே டிக்கெட்டிலிருந்த திரும்பும் பயணமும் ரத்தானது. அன்றைய விலையில் மகள் புது டிக்கெட் எடுத்தார். நிறைமாதக் கர்ப்பிணிக்கு அந்த அலைச்சல் தேவையா?

இரண்டு விமானங்களையும் ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், போட்டிருந்தால் பெட்டி கடைசி ஊர்வரை போயிருக்கும். முதல் விமானம் தாமதமானாலும் மாற்று இடம் தருவது நிறுவனத்தின் பொறுப்பு. தவிர, இவ்வளவு குறுகிய இடைவெளியைப் பெரும்பாலும் கணினியே காட்டாது. சில ஆயிரம் ரூபாய் மிச்சத்துக்காக வயதானவர்களுக்குத் தனித்தனி டிக்கெட் போடாதீர்கள்.

போக ஒரு நேரம், வர அதே நேரம் என்று நினைப்பது

உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகக் காற்று தூரத்தை மாற்றாமல் நேரத்தை மாற்றும். லண்டனிலிருந்து நியூயார்க் போக, திரும்பி வருவதைவிடச் சுமார் ஒரு மணி நேரம் கூடுதலாகும். 2020 பிப்ரவரியில் சியாரா புயல் சமயத்தில் நியூயார்க்கிலிருந்து ஒரு பயணிகள் விமானம் ஐந்து மணி நேரத்துக்குள் லண்டனை எட்டியது.

பழைய நேரத்தை மனப்பாடமாகச் சொல்வது

2022இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டது. ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் சுமார் பதின்மூன்றானது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும் டெல்லியிலிருந்து ஐரோப்பா செல்லும் நேரம் கூடியது. டிக்கெட் போடும் அன்றைக்கே பாருங்கள்.

நள்ளிரவுத் தேதி

15ஆம் தேதி 00.20 விமானத்துக்கு 14ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.