ஆத்துத் தண்ணி சுத்தமா இருக்கா? பாசிய எண்ணிப் பாக்கலாம் வாங்க

தண்ணி பளிச்சுனு இருந்தா சுத்தம்னு நம்பிடுறோம். சரி, தண்ணிய அளக்குற மீட்டர உள்ள விட்டுப் பாக்கலாம்னா அது அந்த நிமிஷத்துக் கதைய மட்டும்தான் சொல்லும், நேத்து ராத்திரி சாக்கடை கலந்துச்சான்னு சொல்லாது. மிதக்குற நுண்பாசிக்குத்தான், அதாங்க ஃபைட்டோபிளாங்க்டன், கொஞ்சநாள் ஞாபகம் இருக்கும். அதனால ரெண்டையும் பாக்கணும்.

தாமிரபரணின்னே வச்சுக்கோங்க. பாபநாசத்துல ஒரு இடம், திருநெல்வேலி ஊரத் தாண்டி ஒரு இடம், குறைஞ்சது இந்த ரெண்டு வேணும்.

மொதல்ல பிஹெச் (அமில-காரத் தன்மை), வெப்பநிலை, கரைஞ்ச ஆக்சிஜன். குளிக்கிற ஆத்துக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியக் கணக்குப்படி ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது இருக்கணும், பிஓடி, அதாவது கழிவ மக்க வைக்க நுண்ணுயிருங்க எடுத்துக்குற ஆக்சிஜன், 3 மில்லிகிராமத் தாண்டக்கூடாது, பிஹெச் 6.5–8.5. இதுல ஒரு பொறி இருக்கு. பாசி பகல்ல ஆக்சிஜன் விடும், ராத்திரி அதுவே எடுத்துக்கும். நான் மொத தடவ பாபநாசத்துல விடியக்காலைல அளந்துட்டு, பஸ் புடிச்சு வந்து ஊருக்குக் கீழ மத்தியானம் மூணு மணிக்கு அளந்து, கீழதான் தண்ணி சூப்பர்னு நோட்டுல எழுதி வச்சேன் 😅 ரெண்டு இடத்துலயும் ஒரே நேரத்துல அளங்க, முடியலைன்னா அடுத்தடுத்த நாள் அதே மணிக்கு.

அடுத்து பாசி. பாட்டில் வாய தண்ணி வர்ற பக்கமா திருப்பி, ஒரு அடி ஆழத்துல ஒரு லிட்டர் புடிங்க. பாசி கெடாம வைக்குற லூகால் அயோடின் கரைசல சொட்டுச் சொட்டா விட்டு, வெளிர் டீ கலர் வந்ததும் நிறுத்திடுங்க. இன்னொரு சின்ன பாட்டில்ல அயோடின் போடாம கொஞ்சம் எடுத்து வைங்க, அன்னைக்கே பாக்கணும், ஏன்னா யூக்ளினாங்குற நுண்பாசி உயிரோட நெளியுறதப் பாத்தாத்தான் சட்டுனு அடையாளம் தெரியும், அயோடின் பட்டா எல்லாம் பழுப்பு உருண்டைதான்.

லிட்டர் பாட்டில ரெண்டு நாள் ஆட்டாம வைங்க. மேல் தண்ணிய மெல்லிசு டியூப்ல உறிஞ்சி எடுத்துட்டு, அடில 50 மில்லி மட்டும் விடுங்க. அதக் கலக்கி 1 மில்லிய செட்ஜ்விக்-ராஃப்டர் ஸ்லைடுல (எண்ணுறதுக்குன்னே இருக்குற, சரியா 1 மில்லி புடிக்குற ஸ்லைடு) ஊத்தி, மைக்ராஸ்கோப்புல எண்ணுங்க. வந்த எண்ண 20ஆல வகுத்தா ஆத்துல மில்லிக்கு எத்தனைன்னு தெரிஞ்சிடும்.

இப்ப பாசி ஆராய்ச்சியாளர் பால்மர் 1969ல ஆத்து அழுக்கக் கணிக்கக் குடுத்த மார்க். ஒரு பேரினம் (ஜீனஸ்) மில்லிக்கு 50ஆவது இருந்தாத்தான் கணக்கு. யூக்ளினா, ஆசிலடோரியாவுக்கு 5, செனடெஸ்மஸுக்கு 4, நிட்சியா, நவிகுலாவுக்கு 3, இப்படி 20 பேரினம். கூட்டி 20 இல்ல அதுக்கு மேல வந்தா சாக்கடை மாதிரி கரிமக் கழிவு பலமா கலந்திருக்கு, 15–19னா சந்தேகம்.

வெள்ளம் போன கையோட மட்டும் எண்ணாதீங்க, பாசிய அடிச்சிட்டுப் போயிருக்கும், மார்க் கம்மியா வந்து ஆறு சுத்தம்னு ஏமாத்திடும்.