டெல்டாவிலிருந்து ராட்சதக் கோள்களைத் தேடுவது எப்படி?

வியாழன் அளவுள்ள ஒரு கோள் சூரியனைப் போன்ற ஒரு விண்மீனின் குறுக்கே கடக்கும்போது, அந்த விண்மீனின் ஒளியில் நூற்றில் ஒரு பங்கு குறைகிறது. சூரியனின் ஆரம் வியாழனின் ஆரத்தைப் போல ஏறத்தாழ 10 மடங்கு. எனவே மறைக்கப்படும் பரப்பு 100-இல் 1. பூமி அளவுள்ள கோள் கடந்தாலோ பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. ஆகையால் பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களை வீட்டிலிருந்து தேடுகிறவர், வியாழன் போன்ற ராட்சதக் கோள்களையே நாட வேண்டும். 1999-இல் ஹெச்டி 209458 என்ற விண்மீனில் இத்தகைய கடப்பு முதன்முதலாகப் பதிவானபோது, பயன்பட்ட கருவிகளில் ஒன்று அமெரிக்காவின் கொலராடோவில் இருந்த, சுமார் 10 செ.மீ. விட்டமே கொண்ட சிறு கருவி என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

நம் பகுதியில் இந்த வேலை பருவத்தோடு பிரிந்து அமைகிறது. ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்கு உரியவை. அப்போது கணினியில் தரவுகளைத் தேடலாம். சம்பா அறுவடை முடிந்து, வயலில் உளுந்தும் பயறும் நிற்கும் மாசி முதல் வானத்தைத் தேடலாம்.

தரவுகளுக்கு, பிற விண்மீன்களின் கோள்களைத் தேட நாசா 2018-இல் ஏவிய டெஸ் விண்கலத்தின் பதிவுகளே போதும். வானத்தை வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 27 நாள்கள் தொடர்ந்து நோக்கிய அந்தப் பதிவுகளை எவரும் கட்டணமின்றிப் பெறலாம். பைத்தான் மொழி சிறிது தெரிந்தால், லைட்கர்வ் என்ற இலவசத் தொகுப்பைக் கொண்டு ஒரு விண்மீனின் ஒளி வரைபடத்தைச் சில வரிகளில் வரவழைத்துவிடலாம். முதலில் விண்மீனின் மெதுவான ஏற்ற இறக்கங்களை நீக்கிச் சமப்படுத்துங்கள். பின்னர் ஒளி குறையும் சரிவுகள் சம இடைவெளியில் திரும்ப வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால், அந்த இடைவெளிக்கு ஏற்ப வரைபடத்தை மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள்.

சரிவைக் கண்டதும் கோளைக் கண்டுவிட்டதாக எண்ணக் கூடாது. என் கருத்தில், கண்டுபிடிப்பு என்பதன் பெரும்பகுதி, அது கோள் அல்ல என்று காட்ட நாமே முழு மனத்தோடு முயல்வதுதான். ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்களே இங்கு முதன்மையான குழப்பம். ஒற்றைப்படைச் சரிவுகளின் ஆழத்தையும் இரட்டைப்படைச் சரிவுகளின் ஆழத்தையும் தனித்தனியே அளந்து பாருங்கள். வேறுபட்டால் அது இரட்டை விண்மீனாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. சரிவின் அடி தட்டையாக இல்லாமல் கூராக இருந்தாலும் ஐயுறவு கொள்ளுங்கள். டெஸ் படத்தின் ஒரு புள்ளி வானத்தில் 21 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையின் 3600-இல் ஒரு பங்கு) அகலம் கொண்டது என்பதால், பக்கத்து விண்மீனின் மறைப்பு நம் விண்மீனின் கணக்கில் சேர்ந்துவிடக்கூடும். இவை அனைத்தையும் தாண்டினாலும், நமக்குத் தெரிவது அளவு மட்டுமே. கோளைவிட எடை மிகுந்தும் விண்மீனாக முடியாத பழுப்புக் குள்ளன்களும் மிகச் சிறிய சிவப்பு விண்மீன்களும் வியாழன் அளவே இருப்பதால், எடையை அறிய, சுற்றும் பொருளின் ஈர்ப்பால் விண்மீனுக்கு உண்டாகும் தள்ளாட்டத்தை நிறமாலையில் அளக்க வேண்டும். ராஜஸ்தானின் அபு மலையில் உள்ள பாராஸ் என்ற நிறமாலைக் கருவி அதைச் செய்கிறது. டிஓஐ-1789 பி என்ற ராட்சதக் கோளை 2021-இல் உறுதி செய்ததும் அதுவே.

ஒரே ஒரு முறை தோன்றும் சரிவையும் புறக்கணிக்காதீர்கள். மீள்வரவைத் தேடும் நிரல்கள் அதைத் தவறவிடக்கூடும். மனிதக் கண் விடுவதில்லை. 261 நாளுக்கு ஒருமுறை சுற்றும் டிஓஐ-2180 பி என்ற ராட்சதக் கோளின் ஒற்றைச் சரிவை முதலில் கவனித்தவர், டெஸ் வரைபடங்களைக் கண்ணால் பார்த்துவந்த ஓர் ஆர்வலர்.

இனி வானம். பயிற்சிக்கு, ராட்சதக் கோள் இருப்பது ஏற்கெனவே தெரிந்த ஹெச்டி 189733 என்ற விண்மீன் சிறந்தது. அபிஜித், திருவோணம், டெனப் ஆகிய மூன்றும் அமைக்கும் முக்கோணத்துக்குள் இருக்கும் அது, வெறுங்கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் 200 மி.மீ. லென்ஸ் பொருத்திய கேமராவுக்கு எளிதில் தெரியும். அதன் ஒளி 2 விழுக்காட்டுக்கும் மேல் குறைகிறது. கடப்பு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம் நீடிக்கிறது. கோளின் சுற்றுக்காலம் 2.2186 நாள் என்பதால், 9 சுற்றுகளுக்குப் பிறகு, அதாவது 20 நாளுக்கு முக்கால் மணி நேரம் முன்னதாக, ஏறக்குறைய அதே இரவு நேரத்தில் கடப்பு மீண்டும் வரும். சித்திரை பிற்பகுதியிலும் வைகாசியிலும் நள்ளிரவுக்குப் பின் அது கிழக்கே நன்கு உயர்ந்திருக்கும்.

விண்மீனைப் பின்தொடரும் தாங்கியில் கேமராவைப் பொருத்தி, குவியத்தைச் சற்றே விலக்கி, விண்மீன் சிறு வட்டமாகத் தெரியும்படி வையுங்கள். ஒளி பல புள்ளிகளில் பரவும்போது அளவீடு நிலையாகும். படங்களை, கேமரா எதையும் மாற்றாமல் பதியும் ரா வடிவில், கடப்புக்கு ஒரு மணி நேரம் முன்பே தொடங்கி, முடிந்து ஒரு மணி நேரம் வரை எடுங்கள். இடையில் எந்த அமைப்பையும் தொடாதீர்கள். பின்னர் ஆஸ்ட்ரோ இமேஜ் ஜே போன்ற மென்பொருளில், அதே படத்தில் உள்ள ஒத்த பொலிவுடைய நான்கைந்து விண்மீன்களோடு ஒப்பிட்டு அளந்து பாருங்கள்.

டெல்டாவின் பெரும் இடையூறு பனி. வாய்க்கால் ஓரத்தில் லென்ஸின் முகம் அரை மணிக்குள் மூடிவிடும். கெட்டி அட்டையால் நீண்ட குழல் செய்து மாட்டி, அதற்குள் சிறு சூடேற்றும் பட்டையைச் சுற்றுங்கள். மும்முனை மின்சாரம் வந்து பம்புசெட்டுகள் ஓடத் தொடங்கினால் மின்னழுத்தம் ஆடும் என்பதால், பேட்டரியையே நம்புங்கள். என் முதல் பதிவில் 3 விழுக்காட்டுச் சரிவு அழகாக விழுந்திருந்தது. படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், கொல்லைத் தென்னையின் கீற்று நுனி விண்மீனின் வட்டத்தில் மெல்லிய நிழலாக ஆடிக் கடந்திருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து வரைபடத்தைப் பார்க்கும் முன் மூலப் படங்களைப் பார்க்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கேமராக் கடிகாரத்தை இரவுதோறும் இணைய நேரத்தோடு பொருத்துங்கள். பூமி சூரியனைச் சுற்றுவதால் ஒளி நம்மை அடையும் நேரம் 8 நிமிடம் வரை முன்பின்னாகும். அந்தத் திருத்தத்தையும் செய்ய வேண்டும். உங்கள் கடப்பின் நடுநேரம் வெளியான கணிப்போடு சில நிமிடங்களுக்குள் ஒத்துப்போகத் தொடங்கியதும், ஆர்வலர்களின் கடப்புப் பதிவுகளைத் திரட்டும் நாசாவின் எக்ஸோபிளானெட் வாட்ச் திட்டத்துக்கு உங்கள் பதிவுகளை அனுப்பலாம்.