கை எப்போது களைத்து ஓய்கிறது? ஒரு தண்ணீர் கேனை வைத்து நீங்களே அளக்கலாம்

நாகர்கோவில் வடசேரி சந்தையில் காய்கறி வாங்கி, கனத்த பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பதற்குள் கை விட்டுப்போகும். குலசேகரம் பக்கம் பால்வெட்டுக்குப் போகிறவர்களோ விடியற்காலையில் சில நூறு ரப்பர் மரங்களில் கத்தி இழுத்தும் கை ஓயாமல் வருகிறார்கள். பழக்கம் ஒரு காரணம்தான். இன்னொரு பெரிய காரணம், வேலைக்கு நடுவே கைக்குக் கிடைக்கும் ஓய்வு. இதை வீட்டிலேயே எண்ணிக்கையாகப் பார்க்க ஒரு சின்ன சோதனை போதும்.

தேவையானவை: கைப்பிடி உள்ள 5 லிட்டர் கேன், ஒரு பழைய தோர்த்து (துண்டு), சாக்பீஸ், நோட்டு, போனில் ஒரு மெட்ரோனோம் ஆப் (சீராகத் தாளம் தட்டுவது). டம்பெல் வாங்க வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால், கேனில் எடையை அரை அரை கிலோவாகக் கூட்டிக் குறைக்கலாம்.

எடையைத் தீர்மானித்தல்

கேனைப் பிடித்து முழங்கையை மடக்கித் தூக்கி இறக்குவது ஒரு முறை; விதம் அடுத்து வருகிறது. 3 லிட்டரில் தொடங்குங்கள். 12 முறைக்குள் கை ஓய்ந்தால் அரை லிட்டர் குறையுங்கள். 30 முறை தாண்டியும் சுலபமாகப் போனால் அரை லிட்டர் கூட்டுங்கள். 15 முதல் 25 முறைக்குள் ஓயும் எடைதான் உங்களுக்குச் சரி. கைப்பிடியில் தோர்த்தைச் சுற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் புஜத்துக்கு முன்னால் விரல்கள் வலித்துக் கேனை விட்டுவிடுவீர்கள். நீங்கள் அளந்தது பிடியின் களைப்பாகிவிடும். நம்மூர்ப் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்த்து வழுக்குவதற்கும் துணி உதவும்.

நிற்கும் விதம்

இதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். கதவு நிலைக்குப் பக்கத்தில், இடுப்பும் முதுகும் சுவரில் படும்படி நில்லுங்கள். முழங்கையும் சுவரைத் தொட்டபடி இருக்கட்டும். உள்ளங்கை முன்னோக்கி இருக்கக் கேனைப் பிடித்து, முன்கை தரைக்கு இணையாக வரும்வரை மடக்குங்கள். அந்த உயரத்தில் நிலையில் சாக்பீஸால் ஒரு கோடு. அதற்கு மேலே தூக்க வேண்டாம்: தொங்கும் கேன் முன்கையில் இடிக்கும். தவிர, முன்கை கிடையாக இருக்கும்போதுதான் முழங்கை மூட்டில் எடையின் இழுப்பு மிக அதிகம்.

மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வையுங்கள். இரண்டு தட்டில் மேலே, இரண்டு தட்டில் கீழே. ஒரு சுற்றுக்கு 4 நொடி. கேனுக்குள் தண்ணீர் சலசலவென்று அடித்தால் நீங்கள் வெட்டி இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். மூச்சைப் பிடிக்காதீர்கள், தூக்கும்போது விடுங்கள், இறக்கும்போது இழுங்கள்.

எண்ணும் முறை

அடுத்தடுத்து இரண்டு முறை கோட்டை எட்டாவிட்டாலோ, முதுகு சுவரை விட்டு விலகினாலோ நிறுத்துங்கள். அந்த எண்ணைக் குறியுங்கள். கேனைக் கீழே வைத்து சரியாக 1 நிமிடம் ஓய்வு. இப்படி மூன்று தடவை. இரண்டு நாள் கழித்து, அதே கை, அதே எடை, அதே நேரத்தில் (காலை வெயில் ஏறுமுன் நல்லது), ஓய்வை மட்டும் 3 நிமிடமாக்கிச் செய்யுங்கள்.

உதாரணத்துக்கு, 1 நிமிட ஓய்வில் 22, 14, 11 என்று வந்தால் சரிவு 11. அதை 22-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 50 சதவீதம். 3 நிமிட ஓய்வில் 22, 19, 17 வந்தால் சரிவு 23 சதவீதம்தான். கையும் எடையும் அதேதான். மாறியது ஓய்வு மட்டும்.

ஒரு எச்சரிக்கை: நீங்கள் செய்யும் முதல் இரண்டு நாள் கணக்கைப் பழக்கத்துக்கு என்று தூக்கிப் போட்டுவிடுங்கள். அடுத்த நாள் எண்ணிக்கை கூடுவது பெரும்பாலும் தசை வளர்ந்ததால் அல்ல. நரம்புகள் அந்த அசைவைப் பழகிக்கொண்டதால். மூன்றாம் நாளிலிருந்து வருவதுதான் நம்பக்கூடியது; 1 நிமிட, 3 நிமிட ஒப்பீட்டை அப்போது தொடங்குங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

தசை சுருங்க ஏ.டி.பி. என்ற ஆற்றல் தரும் மூலக்கூறு வேண்டும். அதை உடனுக்குடன் நிரப்பித் தருவது கிரியாட்டின் பாஸ்பேட். முழு மூச்சான வேலைக்கு அது பத்து நொடி அளவுக்குத்தான் தாங்கும். பிறகு தசையில் சேமித்த சர்க்கரையான கிளைகோஜன் உடைகிறது. இந்த வேலையில் பாஸ்பேட் தசை நாருக்குள் சேர்ந்து, சுருங்கும் புரதங்களின் பிடியைத் தளர்த்துகிறது; கால்சியம் வெளிப்படுவதும் குறைகிறது. பொட்டாசியம் நாருக்கு வெளியே கசிவதால் மின்சைகையும் மங்குகிறது. ஓய்வில் கிரியாட்டின் பாஸ்பேட் மீள்கிறது. ஏறக்குறைய முழுவதும் திரும்ப 3 முதல் 5 நிமிடம் ஆகும். உங்கள் நோட்டில் 3 நிமிட ஓய்வின் எண்கள் கூடியிருப்பது பெரும்பாலும் இதனால்தான்.

எல்லாப் பழியையும் லாக்டிக் அமிலத்தின் தலையில் போடுவது பழைய வழக்கம். லாக்டேட் (அந்த அமிலம் உடம்பில் இருக்கும் வடிவம்) உண்மையில் இதயமும் மற்ற தசை நார்களும் எரித்துக்கொள்ளும் எரிபொருள். இரண்டு நாள் கழித்து வரும் உளைச்சலுக்கும் அது காரணமல்ல. கேனை இறக்கும்போது தசை நீண்டுகொண்டே தாங்குகிறதே, அப்போது நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதம்தான் காரணம். அந்த வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வந்து தானே அடங்கும்.

பத்தாவது முறைக்குப் பிறகு கவனியுங்கள். கேன் கனத்துவிட்டது போலத் தோன்றும். எடை கூடவில்லை, தளர்ந்த நார்களுக்கு ஈடாக மூளை இன்னும் பலமாகக் கட்டளை அனுப்புகிறது, அந்த முயற்சியைத்தான் கனமாக உணர்கிறோம். அடுத்து நடுக்கம். தோள் காதை நோக்கி ஏறும், சும்மா இருக்கும் மறு கையும் முஷ்டி பிடிக்கும். புஜத்தின் முன்பக்கத் தசையான பைசெப்ஸ் ஓயும்போது உடம்பு அக்கம்பக்கத்துத் தசைகளை உதவிக்குக் கூப்பிடுகிறது. சுவர் இல்லாமல் செய்தால் எண்ணிக்கை பொய்யாக ஏறுவது இதனால்தான்.

மனக்களைப்பும் கணக்கில் வரும். இத்தாலியின் டூரின் நகரில் உடலியல் அறிஞர் ஆஞ்செலோ மோசோ 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே, ஒரு விரலால் எடை தூக்கவைத்து வரைபடம் பதியும் எர்கோகிராப் என்ற கருவியைக் கொண்டு இதைக் காட்டினார். மாணவர்களுக்குத் தேர்வு நடத்தி அலுத்த ஆசிரியரின் விரல், வேறு வேலை எதுவும் செய்யாமலேயே சீக்கிரம் ஓய்ந்தது. ஆகவே முந்தின இரவுத் தூக்கத்தையும் நோட்டில் எழுதுங்கள்.

கடைசிச் சோதனை: அசையாமல் பிடித்தல்

இன்னொரு நாள், அதே கேனைக் கோட்டின் உயரத்தில் அசையாமல் பிடித்து நொடி பாருங்கள். 20 முறை மடக்க உங்களுக்கு 80 நொடி ஆனது. அசையாமல் பிடிக்கும்போது வழக்கமாக அதற்கு முன்பே கை இறங்கிவிடும். இறுகிய தசை தன் ரத்தக் குழாய்களைத் தானே நெரிக்கிறது. முழு பலத்தில் பாதிக்கு மேல் இறுக்கினால் ரத்த ஓட்டம் பெருமளவு தடைபடும். சந்தைப் பையைப் பிடித்திருக்கும் விரல்களுக்கும் இதே கதிதான். பால்வெட்டுகிறவருக்கு ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடக்கும் நேரத்தில் ரத்தம் மறுபடி பாய்கிறது. கரமடி (கரையிலிருந்து இழுக்கும் மீன்வலை) இழுக்கிறவர்கள் கையை மடக்கி இழுக்காமல், உடம்பைப் பின்னால் சாய்த்துக் காலால் உந்துவதும் கையை மிச்சப்படுத்தத்தான். பையைப் பொறுத்தவரை, கை ஓயும்வரை காத்திருக்காமல் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற்றுங்கள்.

இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், தோள் அல்லது முழங்கைக் காயம் உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம். தசையில் எரிச்சல் இயல்பு. மூட்டில் சுருக்கென்று குத்தினாலோ விரல்கள் மரத்தாலோ உடனே நிறுத்துங்கள். வெறியோடு பல மடங்கு செய்துவிட்டு, புஜம் வீங்கி, மூத்திரம் கட்டன்சாயா (பால் சேர்க்காத டீ) நிறத்தில் போனால் அன்றே டாக்டரைப் பாருங்கள். தசை சிதைந்து, அதன் புரதம் சிறுநீரகத்துக்குப் போகிறது என்பதற்கான அறிகுறி அது.