டிரெக்கிங் கத்தி வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

போன மாதம் கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூரில், ஒரு தோட்டத்துக்குள் கூடாரம் போட்டிருந்தோம். முதல் தடவையாக கேம்ப்பிங் வந்த தம்பி ஒருவர் பையிலிருந்து கத்தியை உருவி, "அண்ணா, எப்படி இருக்கு பாருங்க" என்று ஆசையாக என் கையில் கொடுத்தார். கறுப்புப் பூச்சு, முதுகில் ரம்பப் பல், கையை இழுக்கும் கனம். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பல வருடங்களுக்கு முன் நான் வாங்கியதும் அச்சு அசல் இதே மாதிரிதான்.

கூர் உங்களைப் பார்த்து இருக்கும்படி வெட்டாதீர்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

தடிமனைப் பார்த்து மயங்குவது

கத்தியைக் கையில் எடுத்ததும் முதலில் தெரிவது கனம். கனமாக இருந்தால் உறுதி, உறுதியாக இருந்தால் காட்டுக்கு ஏற்றது என்று மனசு தானாகவே கணக்குப் போட்டுவிடும். அப்படித்தான் நானும் 7 அங்குல நீளம், 6 மி.மீ. தடிமன், 400 கிராமுக்கு மேல் எடை உள்ள ஒன்றை, அன்றைய சம்பளத்தில் கால் பங்கைக் கொடுத்து வாங்கினேன்.

கேம்ப்பில் கத்திக்கு உண்மையில் என்ன வேலை? வெங்காயம் தக்காளி நறுக்குவது, கயிறு அறுப்பது, பாக்கெட் பிரிப்பது, கூடாரத்து முளைக்குச்சியைச் சீவுவது, அனுமதி உள்ள இடத்தில் அடுப்பு பற்றவைக்க காய்ந்த குச்சியைச் சுருள் சுருளாகச் செதுக்குவது. இதில் எந்த வேலைக்கும் 6 மி.மீ. இரும்பு தேவையே இல்லை. அது இடைஞ்சல்தான். தடித்த அலகு ஆப்பு மாதிரி வேலை செய்யும், வாய் எவ்வளவு கூராக இருந்தாலும் பின்னால் வருகிற இரும்பு உள்ளே போக இடம் வேண்டுமே. கேரட்டில் வைத்துப் பாருங்கள், ஒரு நூல் இறங்கும், அப்புறம் நின்றுவிடும், இன்னும் கொஞ்சம் அழுத்தினால் படக்கென்று பிளந்து ஒரு துண்டு எங்கேயோ தெறிக்கும். வெட்டின பக்கம் வழவழப்பாக இருக்காது, உடைந்த மாதிரி சொரசொரவென்று இருக்கும்.

ஆபத்தும் அந்த அழுத்தத்தில்தான் இருக்கிறது. ஒரு மழை இரவில் ஹெட்லாம்ப் வெளிச்சத்தில் முளைக்குச்சி சீவிக்கொண்டிருந்தேன். அலகு பாதியில் சிக்கியது, பலம் கொடுத்துத் தள்ளினேன், சட்டென்று விடுபட்டு, குச்சியைப் பிடித்திருந்த இடது ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. துண்டைச் சுற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் ஜீப்பில் இறங்கி, ஐந்து தையல். அந்த விரல் இன்னும் முழுசாக மடங்குவதில்லை. மெல்லிய கத்தியாக இருந்திருந்தால் அவ்வளவு பலம் போட்டிருக்கவே மாட்டேன். இத்தனைக்கும் பிறகு, "இதை வைத்து மரத்தையே சாய்க்கலாம்" என்று விளம்பரம் செய்து புதியவர்கள் தலையில் இதே கத்தியைக் கட்டுவதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. மலைக்குப் போகிறவர் மரத்தை எதற்குச் சாய்க்க வேண்டும்? விறகு பிளக்க வேண்டியிருந்தால் தோட்டக்காரர் வீட்டில் வெட்டுக்கத்தி இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள்.

நாலு அங்குல அலகு, 2.5 முதல் 3 மி.மீ. தடிமன் போதும். அளவுகோல் இல்லையென்றால் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கி அலகின் முதுகோடு வைத்துப் பாருங்கள், அந்த உயரத்தைத் தாண்டினால் யோசியுங்கள். நான் இப்போது வைத்திருப்பது ஸ்வீடனில் செய்யும் மோரா கம்பானியன். அலகு 10.4 செ.மீ., தடிமன் 2.5 மி.மீ., உறையோடு சேர்த்தே 150 கிராம் தேறாது. அதன் கூர்ச்சரிவு, அதாவது வாயை நோக்கி அலகு சரியும் பகுதி, அகலமாகவும் தட்டையாகவும் இருப்பதால் தீட்டுக்கல்லில் அப்படியே படிய வைத்துத் தேய்க்கலாம், கோணம் தவறிப்போகும் என்ற பயம் புதியவர்களுக்கு இருக்காது.

பிடிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காதது

அலகின் இரும்பு பிடியின் கடைசி வரை போனால் ஃபுல் டேங் என்பார்கள், உறுதி அதில்தான் அதிகம். மோரா கம்பானியனில் இரும்பு கடைசி வரை போவதில்லை. கட்டையால் அடித்து விறகு பிளக்காத வரைக்கும் அது ஒரு குறையே இல்லை. ஆனால் பிடி குழாய் மாதிரி வெற்றாக இருந்து, உள்ளே தூண்டில் முள்ளும் தீக்குச்சியும் வைத்து விற்றால் தொடவே தொடாதீர்கள். அலகும் பிடியும் சேரும் இடத்தில்தான் அது முறியும்.

முதுகில் ரம்பப் பல்

வேண்டாம். விறகையும் அறுக்காது, முதுகில் கட்டைவிரலை வைத்து அழுத்தவும் விடாது.

மழையை மறந்து கார்பன் ஸ்டீல் வாங்குவது

கார்பன் ஸ்டீல் சுலபமாகத் தீட்ட வரும், கூரும் அருமையாக இருக்கும். ஆனால் எலுமிச்சம்பழம் வெட்டினால் கறுத்துவிடும், ஈரத்தோடு தோல் உறைக்குள் போட்டால் காலையில் செம்புள்ளி தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஜூன் முதல் நவம்பர் வரை எங்கேயாவது மழை இருந்துகொண்டேதான் இருக்கும். ஒவ்வொரு தடவையும் துடைத்து எண்ணெய் தடவுகிற பழக்கம் உங்களுக்கு இருக்கிறதா? இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் ஸ்டெயின்லெஸ்.

உறையைக் கவனிக்காதது

கவிழ்த்துப் பிடித்து உதறுங்கள். கத்தி நழுவினால் வாங்காதீர்கள்.

சட்டத்தைத் தெரிந்துகொள்ளாதது

இது பலருக்கும் தெரிவதில்லை. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீண்டாலோ 2 அங்குலத்துக்கு மேல் அகன்றாலோ, வீட்டு உபயோகம், விவசாயம் போன்றவற்றுக்காகச் செய்யப்படாத கத்தி ஆயுதப் பட்டியலுக்குள் வந்துவிடும். நாலு அங்குலக் கத்திக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேறு மாதிரி. அதில் ஆயுதம் என்ற சொல்லுக்கான விளக்கத்திலேயே கத்தி இருக்கிறது, அளவு எதுவும் சொல்லவில்லை. எழுத்துப்பூர்வ முன் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக்கூடாது என்கிறது அதன் 31ஆவது பிரிவு. காய் நறுக்கத்தான் சார் என்று சோதனைச் சாவடியில் சொல்லிப் பயனில்லை. தோட்டத்தில், தனியார் இடத்தில் தங்கும்போது கத்தி கையில் இருக்கலாம். காட்டுக்குள் நடக்கிற நாளில் அதை அறையிலேயே பூட்டி வைத்துவிட்டு, தக்காளி வெங்காயத்தைக் காலையிலேயே நறுக்கி டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.