ஃபில்லர் ஊசிக்கு முன் ஒரு கேள்வி

கத்தி இல்லை, தையல் இல்லை என்பதற்காக முகச் சுருக்கங்களையும் பள்ளங்களையும் நிரப்பப் போடும் ஃபில்லர் ஊசியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மருந்து ரத்தக்குழாய்க்குள் போனால் ரத்த ஓட்டம் அடைபட்டுத் தோல் அழுகலாம். அரிதாகப் பார்வையே போகலாம். மூக்கும் புருவ நடுவும் மிக ஆபத்தான இடங்கள்.

அதனால் முதலில், "ஹயலூரோனிடேஸ் கைவசம் இருக்கிறதா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஹயலூரானிக் அமில ஃபில்லரைக் கரைக்கும் மருந்து அது. மற்ற வகைகளைக் கரைக்காது. எனவே உங்களுக்குப் போடுவது எந்த வகை என்று தெரிய, சிரிஞ்சு வந்த அட்டைப் பெட்டியையும் பார்த்து, ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்துவிடுங்கள், முன்பணம் போனாலும் சரி.

ஊசி போட்ட பிறகு, தோல் வெளுத்தாலோ, வலை பின்னியதுபோல் நீலம் பாரித்தாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ, வீக்கம்தானே என்று விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவரிடம் போங்கள். பார்வை மங்கினால் நேராக அவசரப் பிரிவுக்கு.