விமானத் தூரமும் பயண நேரமும்: மலையகத்தார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அட்டனில் டிக்கெட் போடும் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், அந்தக் காலத்தில் நாங்கள் போட்ட அதே தப்புக் கணக்கைத்தான் இன்றும் போடுகிறார்கள். பெயரில் எழுத்துப் பிழை விடுவது போன்றவற்றைப் பேசப் போவதில்லை. ஒருமுறை திட்டு வாங்கினால் அது சரியாகிவிடும். தூரக் கணக்கும் நேரக் கணக்கும் அப்படிச் சரியாவதில்லை.

கிலோமீட்டரை வேகத்தால் வகுப்பது

கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இருந்து சென்னைக்கு நேர்கோட்டில் சுமார் 650 கிலோமீட்டர். ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் போகும், எனவே 50 நிமிடம் என்று சொல்லிவிடுகிறார்கள். அட்டவணையிலோ ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் இருக்கும். நிறுத்திய இடத்தை விட்டு விமானம் நகர்வது முதல் மறுமுனையில் போய் நிற்பது வரை எல்லாம் அதில் அடக்கம். மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. அதனால்தான் 420 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருச்சிக்கும் ஒரு மணி நேரம் ஆகிறது.

கடல் மைல்

விமானத் தூரம் கடல் மைலில் போட்டிருந்தால், ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். சாதாரண மைலாக எண்ணாதீர்கள்.

தூரம் குறைவென்று பலாலியைப் பிடிப்பது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. 2019இல் யாழ்ப்பாணத்துப் பலாலி சர்வதேச விமான நிலையமான பிறகு தொடங்கிய பழக்கம் இது. அங்கிருந்து சென்னைக்கு சுமார் 360 கிலோமீட்டர்தான். தலவாக்கலைக் குடும்பம் ஒன்று இதைப் பார்த்துவிட்டு, நோயாளியான அப்பாவைச் சென்னைக்குக் கூட்டிப்போக வேறெங்கேயோ பலாலி வழியாக டிக்கெட் எடுத்துவிட்டது. "பாதித் தூரம்தானே அண்ணே, நேரமும் பாதிதானே?" என்று மகன் கேட்டார். பாதியில்லை. அந்த வழியில் ஓடுவது விசிறி சுழலும் ஏடிஆர் ரகம். மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில்தான் போகும். ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிடும். வானத்தில் மிச்சம் கால் மணி நேரம்!

தரையில் என்ன ஆகிறது பாருங்கள். கண்டியில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ9 வீதி மட்டும் 321 கிலோமீட்டர். தலவாக்கலையில் இருந்து கண்டிக்கு இறங்கும் மலைப்பாதையும், யாழ்ப்பாணத்தில் இருந்து பலாலிக்குப் போவதும் அதற்கு மேல். கட்டுநாயக்கவுக்குப் போக அதில் பாதித் தூரம்கூட இல்லை. டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததை வேன் வாடகை விழுங்கியது. விடிய விடிய உட்கார்ந்து போன அந்தப் பெரியவருக்குச் சென்னையில் இறங்கும்போது கால் வீங்கியிருந்தது. வவுனியா, கிளிநொச்சிக்காரருக்குப் பலாலி நல்ல வழி. நமக்கு எது நல்லது என்பதை வீட்டு வாசலில் இருந்து கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும்.

மணியை மணியால் கழிப்பது

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். டுபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், ரியாத் இரண்டரை. வெறுமனே கழித்தால் டுபாய்க்குப் போக மூன்று மணி நேரம், திரும்பி வர ஆறு என்று வரும். உண்மையில் சுமார் நாலரை. ரியாத்தில் இருந்து டுபாயில் மாறி வருபவர் கைக்கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தாவிட்டால், அவர் கண்ணெதிரே அடுத்த விமானம் போய்விடும்.

நள்ளிரவு விமானம்

17ஆம் திகதி 00:50 என்றால் 16ஆம் திகதி பகலே கிளம்ப வேண்டும்.

போன் காட்டும் வீதி நேரத்தை நம்புவது

கினிகத்தேனையில் இருந்து கித்துல்கல இறக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை மழை, பனிமூட்டம், மண்சரிவு எதுவும் வரலாம். அந்த மாதங்களில் இரண்டு மணி நேரமாவது கூட்டிச் சொல்லுங்கள். கவுண்டரைப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுகிறார்கள்.