வெளிநாடு போகும் பிரேசில் ஸ்ட்ரைக்கர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2009 ஜூலையில் பார்சிலோனா 20 வயது பிரேசில் ஸ்ட்ரைக்கர் ஒருவரை வாங்கியது. பெயர் கெய்ரிசன். முந்தைய ஆண்டு கொரிச்சிபா அணிக்காக பிரேசில் லீகில் 21 கோல் போட்டு, அதிக கோல் அடித்த மூவரில் ஒருவராக நின்றவர். விலை 1.4 கோடி யூரோ, அதற்கு மேல் நிபந்தனைத் தொகை வேறு. ஒப்பந்தம் ஐந்து வருடம். அந்த ஐந்து வருடத்தில் பார்சிலோனா சட்டையில் அவர் ஒரு அதிகாரப்பூர்வ ஆட்டம்கூட ஆடவில்லை. பென்ஃபிகா, ஃபியோரென்டினா, சாண்டோஸ், க்ருசேரோ, கடைசியில் மறுபடி கொரிச்சிபா என்று லோனிலேயே, அதாவது வேறு கிளப்புகளுக்கு இரவலாக ஆடியே, காலம் ஓடிவிட்டது.

ஏதோ ஒருவருக்கு நேர்ந்த துரதிர்ஷ்டம் என்று இதைத் தள்ளிவிடலாம்தான். ஆனால் பிரேசிலிலிருந்து வெளியே போன ஸ்ட்ரைக்கர்களின் கதைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், காலில் சரக்கு இல்லாமல் தோற்றவர்கள் எனக்கு அதிகம் தென்படவில்லை. தப்பான நேரத்தில், தப்பான இடத்தில் கையெழுத்துப் போட்டவர்கள்தான் நிறைய. அந்தத் தவறுகளைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கிளப்பின் பெயரைப் பார்த்து மயங்குவது

கெய்ரிசன் போய்ச் சேர்ந்தபோது பார்சிலோனாவின் முன்வரிசையில் மெஸ்ஸியும் தியரி ஆன்றியும் இருந்தார்கள். அதே கோடையில் இப்ராஹிமோவிச்சையும் வாங்கினார்கள். இவருக்கு எங்கே இடம்? கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் யாராவது ஒரு காகிதத்தில் பதினொரு பெயரை எழுதிப் பார்த்திருந்தாலே விடை கிடைத்திருக்கும்.

காபிகோல் என்று நாம் அறிந்த கப்ரியேல் பார்போசா விஷயத்தில் இன்னொரு கோணம் இருக்கிறது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய கையோடு, 20 வயதில், சாண்டோஸிலிருந்து இன்டர் மிலானுக்குப் போனார். கிளப்பைச் சீன முதலாளிகள் வாங்கி அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஆகஸ்டில் பயிற்சியாளர் மான்சினி போய் டி போயர் வந்தார். நவம்பர் 1-ம் தேதி டி போயரை அனுப்பிவிட்டார்கள். அடுத்து வந்த பியோலியும் சீசன் முடியும்வரை தாங்கவில்லை. முன்வரிசையில் கேப்டன் இகார்டி அசையாமல் இருந்தார். காபிகோலுக்கு இத்தாலிய லீகில் மொத்தம் ஒரே கோல், போலோன்யாவுக்கு எதிராக. அடுத்து பென்ஃபிகாவுக்கு லோன், அங்கும் பெஞ்சுதான்.

‘அவ்வளவுதான், பையன் தேறமாட்டான்’ என்று ஐரோப்பாவில் எழுதிவிட்டார்கள். 2018-ல் சாண்டோஸுக்கு லோனில் திரும்பி 18 கோலோடு பிரேசில் லீகின் முதல் கோல்காரர் ஆனார். 2019 நவம்பரில் லிமாவில், தென் அமெரிக்க கிளப்புகளுக்கான கோபா லிபர்டடோரஸ் இறுதி ஆட்டம். ரிவர் பிளேட்டிடம் அவர் ஆடிய ஃபிளமெங்கோ 0-1 என்று பின்தங்கி நின்றபோது, 89-வது நிமிடத்தில் ஒன்று, 92-வது நிமிடத்தில் இன்னொன்று என்று இரண்டு கோல் போட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொடுத்தார். ஆள் அதே ஆள்தான்.

ஆகவே பெரிய கிளப் அழைக்கும்போது கேட்க வேண்டியது சம்பளத்தை மட்டும் அல்ல. என்னைக் கேட்டது பயிற்சியாளரா, முதலாளியா? பயிற்சியாளர் என்றால் அவருடைய நாற்காலி எத்தனை நாள் தாங்கும்? போன இரண்டு வருடத்தில் இங்கே வந்த 20 வயதுப் பையன்களுக்கு ஆட எத்தனை நிமிடம் கிடைத்தது? இந்தக் கடைசிக் கேள்விக்கு இணையத்திலேயே பதில் கிடைக்கும். ஏஜென்ட் மழுப்ப முடியாது.

இடைப்படியைக் கேவலமாக நினைப்பது

ரொனால்டோ 17 வயதில் 1994 உலகக்கோப்பை அணியில் இருந்தார். ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. அதற்குப் பிறகு அவர் போன இடம் மிலானோ மாட்ரிடோ இல்லை, நெதர்லாந்தின் பிஎஸ்வி ஐந்தோவன். அவருக்கு முன் ரொமாரியோ 1988 முதல் 1993 வரை கோல் மழை பொழிந்துவிட்டுப் போன அதே கிளப். ரொனால்டோவுக்கு அங்கே முதல் சீசனிலேயே லீகில் 30 கோல். 1996-ல் பார்சிலோனா போனபோது அவர் ஐரோப்பியக் குளிரையும் ஐரோப்பிய டிஃபெண்டர்களையும் பழகி முடித்திருந்தார். அங்கே ஒரே சீசனில் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 47 கோல்.

ஜியோவானி எல்பெர் கதை இதைவிட நிதானமானது. பதின்பருவத்திலேயே மிலான் வாங்கியது. ஆடக் கிடைத்த இடம் சுவிட்சர்லாந்தின் கிராஸ்ஹாப்பர்ஸ். அங்கிருந்து ஸ்டுட்கார்ட். பயர்ன் மியூனிக் சட்டையைப் போடும்போது வயது 25 ஆகிவிட்டது. ஆனால் 2001 சாம்பியன்ஸ் லீக் உட்பட எல்லாம் கைக்கு வந்தது. ஜெர்மன் சரளமாகப் பேசுவார், இன்றும் ஜெர்மனியில் அவருக்கு மரியாதை உண்டு. மாதேயுஸ் குன்யா கொரிச்சிபாவின் சீனியர் அணியில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் சுவிட்சர்லாந்தின் சியோனுக்குப் போனவர். லைப்சிக், பெர்லின், அட்லெடிகோ மாட்ரிட், உல்வ்ஸ் என்று சுற்றி 2025-ல் மான்செஸ்டர் யுனைடெட் வந்து சேர்ந்தார்.

இதில் கிளப்புகள் செய்யும் தவறும் ஒன்று உண்டு. இடைப்படியில் போட்ட கோலை அப்படியே மேல்படிக்கும் கணக்கு வைப்பது. அஃபோன்சோ அல்வெஸ் நெதர்லாந்தின் ஹேரன்வேனில் 2006-07 சீசனில் 34 கோல் போட்டார். 2007 அக்டோபரில் ஹெராக்ளெஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஏழு. மிடில்ஸ்பரோ தன் வரலாற்றிலேயே அதிகத் தொகை கொடுத்து அவரை வாங்கியது. அடுத்த வருடமே அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது, அல்வெஸ் கத்தாருக்குப் போனார்.

நாள்காட்டியை மறப்பது

ரசிகர்கள் யாரும் பேசாத விஷயம், ஆனால் என் கணக்கில் மிக அதிக சேதம் செய்வது இதுதான். பிரேசில் சீசன் ஜனவரியில் மாநில லீகோடு தொடங்கி டிசம்பரில் முடிகிறது. கோப்பை ஆட்டங்களில் முன்னேறும் பெரிய கிளப் என்றால் வருடத்துக்கு 60 ஆட்டத்துக்கு மேல் போகும். ஐரோப்பாவிலோ ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடிப்பார்கள்.

ஆகஸ்டில் போகிறவர் உடம்பில் ஏற்கெனவே ஏழு மாத ஆட்டம் ஏறியிருக்கும். அங்கே எல்லோரும் விடுமுறை முடித்துப் புதிதாக வருவார்கள். ஜனவரியில் போகிறவர் பாடு அதைவிட மோசம். முழு வருடம் ஓடி முடித்து, ஓய்வே எடுக்காமல், கோடை வெயிலிலிருந்து நேராகக் குளிருக்குப் போய் இறங்குகிறார். சீசன் பாதி ஓடியிருக்கும், அணியின் ஆட்டமுறை படிந்திருக்கும், சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரம் இருக்காது.

விட்டோர் ரோக்கே 2024 கோடையில் பார்சிலோனாவுக்குப் போவதாகத்தான் இருந்தது. பார்சிலோனாவின் நடுக்கள வீரர் காவி காயப்பட்டதால் லீக் விதிக்கும் சம்பள வரம்பில் இடம் கிடைத்தது, உடனே பயணத்தை ஜனவரிக்கு இழுத்தார்கள். அவரே கணுக்கால் காயத்திலிருந்து அப்போதுதான் மீண்டு வந்திருந்தார். வயது 18. அவர் போய்ச் சேர்ந்த அதே மாதம் பயிற்சியாளர் ஸாவி, சீசன் முடிவில் விலகப்போவதாக அறிவித்தார். லீகில் இரண்டு கோல். அடுத்த சீசன் பெட்டிஸுக்கு லோன், 2025 பிப்ரவரியில் பல்மெய்ராஸ் அவரை வாங்கிக்கொண்டது. ஆறு மாதம் பொறுத்திருந்தால் கதை மாறியிருக்குமா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த அவசரம் அவருடைய தேவைக்காக வந்தது இல்லை.

இதற்கு நேர்மாறாக நடந்தது அலெக்சாந்த்ரே பாட்டோவுக்கு. 2007-ல் மிலான் வாங்கியபோது அவருக்கு 17 வயது. விதிப்படி 2008 ஜனவரி வரை லீகில் ஆட முடியாது. அந்த மாதங்கள் முழுக்க அணியோடு பயிற்சி மட்டும்தான். ஜனவரியில் நாப்போலிக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டார். பின்னாளில் தசைக் காயங்கள் அவரை முடக்கிப்போட்டது வேறு கதை.

தன் ஆட்டம் எது என்று தெரியாமல் போவது

மாரியோ ஜார்தெலை இன்றைய இளைஞர்கள் அதிகம் அறியமாட்டார்கள். உயரமான ஆள், ஓட்டம் சுமார், டிரிபிளிங் கிடையாது. ஆனால் பக்கவாட்டிலிருந்து பந்து காற்றில் வந்தால் அது எங்கே இறங்கும் என்று டிஃபெண்டருக்கு அரை நொடி முன்பே தெரிந்துவிடும். தலையால் முட்டியே வாழ்ந்தவர். போர்ட்டோவில் நான்கு சீசன், நான்கிலும் லீகின் முதல் கோல்காரர். இடது பக்கம் ட்ருலோவிச், வலது பக்கம் கபூச்சோ என்று கிராஸ் போடுவதற்கென்றே அந்த அணியில் ஆள் இருந்தார்கள். 2001-02-ல் ஸ்போர்ட்டிங் லிஸ்பனுக்கு 42 லீக் கோல். ஐரோப்பிய லீகுகளின் கோல்காரருக்குக் கொடுக்கும் ஐரோப்பியத் தங்கக் காலணி இரண்டு முறை. ஆனாலும் பிரேசில் பயிற்சியாளர் ஸ்கோலாரி 2002 உலகக்கோப்பைக்கு அவரை அழைத்துப் போகவில்லை.

2003-ல் போல்ட்டனுக்குப் போனார். லீகில் ஒரு கோல்கூட இல்லை. சொந்த வாழ்க்கைச் சிக்கல்கள் அதற்குள் அவரை அரித்துவிட்டன என்பதையும் சொல்லியாக வேண்டும். இருந்தாலும் ஜார்தெல் மாதிரி ஒருவரை வாங்குகிறவர் இரண்டு நல்ல விங்கர்களையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

ஜோயலின்டன் விஷயத்தில் தவறு சட்டை எண்ணிலேயே தொடங்கியது. ஹோஃபன்ஹைமில் மற்ற ஸ்ட்ரைக்கர்களுக்காக ஓடி, முட்டி, பந்தைப் பிடித்துக்கொடுக்கும் வேலை பார்த்தவர். 2019-ல் நியூகாசில் 4 கோடி பவுண்டு கொடுத்து வாங்கி, ஆலன் ஷியரர் போட்ட 9-ம் எண்ணை மாட்டிவிட்டது. முதல் சீசனில் லீகில் இரண்டே கோல், ஊரே சிரித்தது. 2021 நவம்பரில் நாரிச்சுக்கு எதிரான ஆட்டத்தில் நியூகாசில் ஆரம்பத்திலேயே ஒரு ஆளை இழந்தது. வேறு வழியில்லாமல் பயிற்சியாளர் எடி ஹவ் அவரை நடுக்களத்துக்கு இறக்கினார். அப்புறம் அவரை அங்கிருந்து யாரும் அசைக்கவில்லை. 2023-ல் பிரேசில் அணிக்கும் ஆடினார்.

காகிதங்கள்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 18 வயதுக்கு முன் நாடு விட்டு நாடு மாறுவதை ஃபிஃபா சில விதிவிலக்குகள் தவிர அனுமதிப்பதில்லை. அதனால்தான் இளம் பிரேசில் ஸ்ட்ரைக்கர் என்ட்ரிக் 2022-ல் ரியல் மாட்ரிடுக்கு ஒப்புக்கொண்டும் 2024 ஜூலையில்தான் போனார். குறுக்குவழி காட்டும் தரகரை நம்பக் கூடாது. பாஸ்போர்ட்டும் அப்படித்தான்: ஸ்பெயின் லீகில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கு ஓர் அணியில் மூன்றே இடம் என்பதால் இத்தாலிய, போர்ச்சுகீசியத் தாத்தா பாட்டிகளைத் தேடுவது வழக்கம். தாத்தா நிஜமானவராக இருந்தால் சரி. 2000-ல் ஒரு ஆட்டத்துக்காகப் போலந்து போன, இத்தாலியின் உடினேசே அணியின் இரண்டு பிரேசிலியர்களின் பாஸ்போர்ட் போலி என்று தெரியவந்து, விசாரணை இத்தாலி முழுக்கப் பரவி, பலருக்குத் தடை விழுந்தது. வீரரின் விற்பனை உரிமையை முதலீட்டாளர்கள் பங்கு போட்டு வைத்துக்கொள்ளும் பழக்கத்தை 2015-ல் ஃபிஃபா தடை செய்துவிட்டது. ஆனாலும் ஒப்பந்தத்தை ஏஜென்ட் வாசித்துச் சொன்னால் போதும் என்று விடாமல் தனி வக்கீலிடம் காட்டுவதே நல்லது.

வீட்டைக் கணக்கில் சேர்க்காதது

அட்ரியானோவின் தந்தை அல்மிர், ரியோவின் வில்லா க்ருசேரோவில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் தலையில் குண்டு பாய்ந்து, குண்டு உள்ளேயே இருக்க வாழ்ந்தவர். 2004 ஜூலையில் கோபா அமெரிக்கா இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவுக்கு எதிராகக் கடைசி நொடிகளில் சமன் கோல் போட்டு, கோப்பையோடு அட்ரியானோ இன்டர் மிலானுக்குத் திரும்பினார். சில நாட்களில் தந்தை இறந்த செய்தி போனில் வந்தது. அவர் போனை வீசியெறிந்துவிட்டு அலறியதை உடனிருந்த சக வீரர் ஸனெட்டி பின்னர் சொல்லியிருக்கிறார்.

அவருக்கு அப்போது 22 வயது. கொஞ்ச காலம் கோல்கள் தொடர்ந்தன. அப்புறம் குடி, பயிற்சிக்கு வராமை, எடை. அந்தத் துக்கத்தில்தான் குடி பிடித்துக்கொண்டது என்று அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். பத்திரிகைகள் அதை ஒழுக்கப் பிரச்சினையாக மட்டுமே எழுதின. 2009-ல் இத்தாலிக்கு இனி போகப்போவதில்லை என்று அறிவித்துவிட்டு ஃபிளமெங்கோவில் சேர்ந்தார். அந்த வருடம் 19 கோல், அணிக்கு லீக் பட்டம்.

தாய், தங்கை, பள்ளித் தோழன் என்று யாராவது ஒருவரை முதல் வருடம் கூட வைத்துக்கொள்வது, மொழி வகுப்பை ஒப்பந்தத்திலேயே எழுதிவாங்குவது, மனநல மருத்துவர் வேண்டும் என்று கூச்சமில்லாமல் கேட்பது: இவையெல்லாம் கோல் கணக்கில் வராத செலவுகள். எந்த டிரான்ஸ்பர் தொகையோடு ஒப்பிட்டாலும் சில்லறைக் காசு.

திரும்புவதைத் தோல்வி என்று எண்ணுவது

கடைசித் தவறு நம்மைப் போன்ற பார்வையாளர்களுடையது. ஐரோப்பாவில் நிலைத்தால் வெற்றி, இல்லையென்றால் வீண் என்று எழுதிப் பழகிவிட்டோம். ரொமாரியோ உலகக்கோப்பையை வென்ற ஆறு மாதத்தில், 1995 ஜனவரியில், பார்சிலோனாவை விட்டு ஃபிளமெங்கோவுக்கு வந்தார். அவர் விருப்பப்பட்டே வந்தார். விட்டோர் ரோக்கேவுக்கு பல்மெய்ராஸில் கோல்கள் திரும்பின, 2025-ல் தேசிய அணியின் அழைப்பும் வந்தது. ஐரோப்பாதான் வெளிநாடு என்பதும் இல்லை. ஹோசே பாரெட்டோ கொல்கத்தாவின் மோகன் பகானில் ஆடி, பிரேசிலில் கிடைத்திராத புகழை வங்காளத்தில் பெற்றார்.

ஹல்க் ஜப்பானில்தான் ஆளானார். 2007-ல் இரண்டாம் டிவிஷனில் டோக்கியோ வெர்டிக்கு 37 கோல். அங்கிருந்து போர்ட்டோ, ஸெனித், ஷாங்காய். 2021-ல் 34 வயதில் அட்லெடிகோ மினெய்ரோவுக்கு வந்தபோது ஓய்வூதியத்துக்கு வந்திருக்கிறார் என்று கேலி செய்தவர்கள் உண்டு. அந்த சீசனில் 19 கோலோடு லீகின் முதல் கோல்காரர் அவர்தான். 1971-க்குப் பிறகு மினெய்ரோவுக்கு அதுதான் முதல் லீக் பட்டம்.